கறை எங்கே விழுந்திருக்கிறது?

வீட்டில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சில ரோல்கள் பெரும்பாலும் நன்றாகவே வந்துவிடும். மருந்து புதிது, டேங்க் புதிது, கையில் கொஞ்சம் பயமும் இருக்கும். கோளாறு தலைகாட்டுவது அதற்கு அப்புறம்தான். போன முறை செய்தபடியேதான் செய்தோம் என்று சத்தியம் செய்வோம். ஆனால் வானத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் இருக்கும், ஓரத்துளைகளிலிருந்து பட்டைகள் இறங்கியிருக்கும், நடுவில் எங்கோ பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கும்.

இந்த இடத்தில் பலரும் டெவலப்பரைக் கொட்டிவிட்டு வேறு கம்பெனி மருந்து வாங்கப் போய்விடுகிறார்கள். அடுத்த ரோலிலும் அதே கறை வருகிறது. மருந்து கெடாது என்று சொல்லவில்லை. ஆனால் கெட்ட மருந்து ரோல் முழுவதையும் கெடுக்கும். வானத்தின் இடது மூலையில் மட்டும் வந்து உட்கார்ந்திருக்காது. கறை எங்கே இருக்கிறது, எந்த எல்லையில் நிற்கிறது, எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதைப் பார்த்தாலே, தப்பு நடந்தது கேமராவிலா, டேங்கிலா, ரீலிலா, காயப்போட்ட அறையிலா என்பது அநேகமாகப் பிடிபட்டுவிடும். மருந்தின் மேல் சந்தேகப்படுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனை மூடுங்கள்

கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேன் உதவாது. அதில் கறுப்பு வெள்ளையாகியிருக்கும், வெள்ளை கறுப்பாகியிருக்கும். மென்பொருள் தன் பங்குக்குக் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், துப்பு நிறைந்த ஓரப்பட்டையை வெட்டி எறிந்திருக்கும். நெகட்டிவையே எடுங்கள். மொபைல் திரையை முழு வெள்ளையாக்கி அதன் மேல், ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் கேமராவின் 50 மி.மீ. லென்ஸைக் கழற்றித் திருப்பிப் பிடியுங்கள். ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

முதல் கேள்வி, கறை ஸ்கேனரில் வந்ததா என்பது. நெகட்டிவைத் தலைகீழாக, 180 டிகிரி திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். கறை படத்தோடு சேர்ந்து திரும்பினால் அது ஃபிலிமில் இருக்கிறது. திரும்பாமல் அதே மூலையில் நின்றால் ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதுதான். டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படமெடுத்து மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓரத்துளைகளை மறைக்காமல் எடுத்தால் துளை வழியே நேராக வரும் வெளிச்சம் லென்ஸில் சிதறி, படத்தின் ஓரங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். டேங்கை அசைத்த விதம் சரியில்லை என்று இதற்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. துளைகளைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்தால் போதும்.

அடுத்த கேள்வி: நெகட்டிவில் அந்த இடம் கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? கறுத்திருந்தால் அங்கே வேண்டாத வெளிச்சம் பட்டிருக்கிறது, அல்லது டெவலப்பர் அளவுக்கு மேல் வேலை செய்திருக்கிறது, அல்லது ஃபிலிம் நசுங்கியிருக்கிறது. கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் அங்கே வெளிச்சமோ டெவலப்பரோ போய்ச் சேரவில்லை, அல்லது எமல்ஷனே பெயர்ந்துவிட்டது. பிரிண்டில் எப்படித் தெரிகிறது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதையும் சேர்த்து யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஓரப்பட்டை

35 மி.மீ. ரோலின் ஓரத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதிக்கப்பட்டவை. அவற்றுக்கும் உங்கள் கேமராவுக்கும் சம்பந்தமில்லை, டெவலப்பரோடு மட்டும்தான் சம்பந்தம். ரோல் முழுக்கக் காலியாக, ஆனால் ஓர எழுத்துகள் நல்ல கறுப்பில் வந்திருந்தால், கழுவியதில் குறையில்லை. ஃபிலிம் கேமராவில் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்துகளும் இல்லாமல் ரோல் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். இதற்கு மீட்சி கிடையாது. பாட்டில்களில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

படங்கள் மெலிந்திருக்கும்போதும் இந்த எழுத்துகளே தீர்ப்புச் சொல்லும். எழுத்து கறுப்பாக, ஆனால் நிழல் பகுதிகளில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் எக்ஸ்போஷர் குறைவு. எழுத்தே சாம்பல் நிறமாக, படத்தில் விவரம் இருந்தும் எல்லாம் சோகையாக இருந்தால் டெவலப்பரின் வேலை முடியவில்லை: நேரம் குறைந்தது, சூடு குறைந்தது, அல்லது மருந்து பழையது.

வெளிச்சம் ஒழுகியதா என்று பார்க்கவும் ஓரம்தான் உதவும். கறுப்புப் படலம் ஃபிரேமின் கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால், அது லென்ஸ் வழியாகவோ ஷட்டர் வழியாகவோ வந்தது. துணி ஷட்டரில் ஊசித் துளை விழுந்த கேமராக்களில் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் கறுப்புப் பொட்டு வரும். படலம் ஃபிரேமைத் தாண்டி ஓரத்துளைகள் வரை பரவியிருந்தால், கேமராவின் பின்கதவு, ரோலின் டப்பி, சேஞ்சிங் பேக், டேங்க் என்று நான்கு இடங்களைச் சந்தேகிக்கலாம். படத்துக்கு நடுவே துளைகளின் வடிவமே நிழலாகப் பதிந்திருந்தால், ஒரு சுற்றின் துளை வழியாக அடுத்த சுற்றின் மேல் வெளிச்சம் விழுந்திருக்கிறது. அதாவது, ஃபிலிம் சுருண்டிருந்த நேரத்தில் நடந்த விபத்து.

இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கு எட்டுத் துளை, ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த படத்தின் தொடக்கம் வரை 38 மி.மீ. கறை சரியாக 38 மி.மீ.க்கு ஒருமுறை வந்தால் சந்தேகமே வேண்டாம், கேமராதான். இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டோ கூடிக்கொண்டோ போனால் அது சுருளின் சுற்றளவு. கறை ஒவ்வொரு சுற்றுக்கும் மங்கிக்கொண்டும் போனால் வெளிச்சம் சுருளுக்கு வெளியிலிருந்து உள்ளே ஊடுருவியிருக்கிறது. பாலியெஸ்டர் பேஸ் கொண்ட சில ஃபிலிம்களில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி வழியாகவே வெளிச்சம் டப்பிக்குள் வழிந்து முதல் சில படங்களைக் கறுக்கச் செய்யும். அப்படிப்பட்ட ரோலை வெயிலில் நின்று மாட்டக் கூடாது.

ரோல் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், டேங்கின் நடுத்தண்டைப் போட்டீர்களா என்று யோசியுங்கள். பேட்டர்சன் வகை டேங்கில் நடுத்தண்டு இல்லாவிட்டால் புனல் வழியாக வெளிச்சம் நேராக உள்ளே இறங்கும். மூடி இறுகியிருக்கும், தண்ணீரும் ஒழுகாது, ரோல் மட்டும் போயிருக்கும்.

புள்ளிகள்

புள்ளிகளில் நான்கைந்து இனம் உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குப் பலிக்காது.

தெளிவான, ஓரம் கூர்மையான சிறு வட்டங்கள் காற்றுக் குமிழிகள். டெவலப்பர் ஊற்றியதும் ஃபிலிமில் ஒட்டிக்கொண்ட குமிழி அந்த இடத்தை மருந்து தொடவிடாமல் காத்துவிடுகிறது. மருந்து ஊற்றி மூடிய உடனே டேங்கின் அடியை மேடையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள், ஒவ்வொரு அசைப்புக்குப் பிறகும் ஒரு தட்டு. தட்டு என்றால் கேட்கும்படியான தட்டு. டெவலப்பருக்கு முன்னால் ஒரு நிமிடம் வெறும் தண்ணீரில் ஊறவைப்பதும் உதவும் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒழுங்காகத் தட்டினாலே போதும்.

வட்டமாக இல்லாமல், ஒழுங்கற்ற வடிவில் துளித்துளியாகத் தெளிவாக இருந்தால், படம் எடுக்கும்போதே ஃபிலிம் மேல் தூசி இருந்திருக்கிறது. கேமராவின் உட்புறத்தை ஊதுகுமிழால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கார்பனேட் சேர்ந்த காரமான டெவலப்பருக்குப் பிறகு கடுமையான அமில ஸ்டாப் பாத் ஊற்றினால், எமல்ஷனுக்குள் கார்பன் டையாக்சைடு கிளம்பி ஊசித்துளை விழுவதும் உண்டு. ஸ்டாப் பாத்தை நீர்க்க வையுங்கள், அல்லது அதற்குப் பதில் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

கறுப்புப் புள்ளிகள் வேறு கதை. தூளாக வாங்கிய டெவலப்பர் முழுதாகக் கரையாவிட்டால், மிச்சத் துகள் போய் ஒட்டிய இடத்தில் மருந்து பல மடங்கு வீரியத்தோடு வேலை செய்யும். கறுப்புப் பொட்டு விழும், சில சமயம் வாலும் முளைக்கும். டி-76 போன்றவற்றை 50 முதல் 55 டிகிரி வெந்நீரில் கரைக்கச் சொல்வது இதனால்தான். கரைத்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் காபி ஃபில்டர் தாளிலோ பஞ்சிலோ வடிகட்டிப் பயன்படுத்துங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் துருவும் மண்ணும் இதே வேலையைச் செய்யும். ஊறிய ஜெலட்டின் மெத்தென்று இருக்கும். அதில் பதிந்த மணல் துகள் காய்ந்த பிறகு வெளியே வராது.

பிரிண்டிலோ ஸ்கேனிலோ வெள்ளையாகத் தெரியும் புள்ளிகளுக்காக உடனே மருந்தைத் தொட வேண்டாம். அது பெரும்பாலும் காய்ந்த நெகட்டிவின் மேல் உட்கார்ந்திருக்கும் தூசி. பிரஷ்ஷால் தட்டினால் போய்விடும்.

துளைகளிலிருந்து இறங்கும் பட்டைகள்

ஒவ்வொரு ஓரத்துளைக்கும் நேராக, படத்துக்குள் ஒரு கறுப்புப் பட்டை. சாதாரணப் படங்களில் தெரியாது. மேகமில்லாத வானம், வெள்ளைச் சுவர், பனிமூட்டம் என்று ஒரே தொனியில் பரந்த இடம் வந்தால் பளிச்சென்று தெரியும். டேங்கை ஆவேசமாகக் குலுக்கும்போது டெவலப்பர் துளைகள் வழியே பீய்ச்சிக்கொண்டு பாய்கிறது. அந்த இடத்தில் புது மருந்து அதிகம் கிடைப்பதால் அங்கே கருமை கூடுகிறது.

இதைக் கேட்டதும் சிலர் அசைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். டெவலப்பர் வேலை செய்யச் செய்ய புரோமைடு வெளிப்படும். அது மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடியது. அசைக்காமல் விட்டால் அது கனத்து, ஃபிலிமின் மேலேயே வழிந்து இறங்கி, தன் தடத்தை விட்டுப் போகும். ரோடினாலை ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் சேர்த்து ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கும் முறையில் இது அடிக்கடி வரும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பட்டை இரண்டு ஓரங்களிலும் ஒரே மாதிரி இருந்தால் குலுக்கல் அதிகம். ஒரு பக்கமாகவே இழுத்திருந்தால், அதிலும் ஜன்னல், விளக்கு போன்ற பிரகாசமான பொருள்களிலிருந்தும் ஒரு தடம் கிளம்பியிருந்தால், அசைத்தது போதவில்லை.

நடுவழி எளிது. இல்ஃபோர்ட் சொல்லும் முறையில் தொடக்கத்தில் பத்து வினாடிகளுக்குள் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை. கவிழ்க்கும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி, ஒவ்வொரு முறையும் மருந்து வேறு வழியில் ஓடும்படி செய்யுங்கள். பேட்டர்சன் டேங்கோடு வரும் சுழற்றுகுச்சியை மட்டும் நம்பினால், மருந்து ஒரே திசையில் ரீலின் தடங்களில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் கலக்கலுக்கு அந்தக் குச்சி போதும், முழு நேரத்துக்கும் போதாது.

ரோலின் நீளம் முழுக்க, ஒரே ஓரமாக ஒரு வெளிறிய பட்டை ஓடினால் அசைப்பை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். மருந்து போதவில்லை. பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி., 120 ரோலுக்கு 500 மி.லி. வேண்டும்; டேங்கின் அடியில் அச்சிட்டே இருக்கிறது. அளவு சரியாக இருந்தும் பட்டை வந்தால், அசைத்த வேகத்தில் ரீல் நடுத்தண்டில் மேலே ஏறியிருக்கும். தண்டில் மாட்டும் கிளிப்பைப் போட்டால் ஏறாது. இரண்டு ரீல் டேங்கில் ஒரே ரோல் கழுவும்போது மேலே காலி ரீல் ஒன்றையும் மாட்டிவிடுங்கள்.

சூடு

ஃபிலிம் டப்பாக்களுக்குள் வரும் அட்டவணைகள் 20 டிகிரியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். நம் ஊரில் சித்திரை வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டித்தான் குழாயில் வரும். வீட்டில் கழுவும் ஃபிலிமில் காரணம் தெரியாமல் வரும் பல கோளாறுகள், மேடு பள்ளமான வானம், கரகரத்த தானியம், மிதமிஞ்சிய கான்ட்ராஸ்ட் எல்லாம், தெர்மாமீட்டரைப் பார்க்காமல் வேலை செய்ததால் வருபவை.

கணக்கு இதுதான். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம், 16 டிகிரியில் 6 நிமிடம். எச்பி5 பிளஸ் ஃபிலிமை நீர்க்காத டி-76-ல் 20 டிகிரிக்கு ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். அதையே 30 டிகிரியில் செய்யப் போனால் மூன்று நிமிடத்துக்கும் கீழே போய்விடும். மருந்தை ஊற்றவும் வடிக்கவுமே அரை நிமிடம் ஆகும்போது அது சீராக எப்படி வரும்? ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் வானம் திட்டுத்திட்டாக வரும் என்று எதிர்பார்க்கலாம்.

இதற்கு எளிய தீர்வு, மருந்தை நீர்க்க வைப்பது. அதே டி-76-ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரியில் ஏறக்குறைய ஏழரை நிமிடம். கையாள வசதியான நேரம். என் யோசனை, 20 டிகிரிக்காகப் போராட வேண்டாம். முப்பத்து மூன்று டிகிரி அறையில் 20 டிகிரி மருந்தை வைத்திருந்தால், அது டேங்குக்குள்ளேயே, உங்கள் கைச்சூட்டிலும் அறைச்சூட்டிலும் ஏறிக்கொண்டே போகும். முடியும்போது எத்தனை டிகிரி என்று யாருக்கும் தெரியாது. 24-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பையில் கட்டிய ஐஸ்கட்டிகளைப் போட்டு, டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாப் பாட்டில்களையும் அதிலேயே நிறுத்துங்கள். அசைப்புகளுக்கு இடையே டேங்கும் அதில்தான் நிற்க வேண்டும். ஐஸை நேராக மருந்தில் போடாதீர்கள், நீர்த்துவிடும்.

பலர் டெவலப்பரின் சூட்டை மட்டும் பார்த்துவிட்டு, கடைசியில் குழாயைத் திறந்து கொதிக்கும் தண்ணீரில் கழுவுகிறார்கள். குளிர்ந்த ஜெலட்டின் சட்டென்று உப்பும்போது எமல்ஷன் வலைபோலச் சுருங்கிவிடும், வறண்ட ஏரியின் தரை மாதிரி. இன்றைய ஃபிலிம்களில் எமல்ஷனைக் கெட்டிப்படுத்தியே தருவதால் அந்த அளவுக்குப் போவது அபூர்வம். ஆனால் எமல்ஷன் மென்மையான ஃபிலிம்களில் தானியம் கரடுமுரடாகத் தெரியவும், ஓரத்தில் எமல்ஷன் உரியவும் இது போதும். ஒரு மருந்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

வியர்வைக் கை, பிறை வடிவம்

கறுப்பாக, நகக்கீறல் போல, பிறை வடிவில் ஒரு தழும்பு வந்திருந்தால் மருந்தையோ கேமராவையோ குறை சொல்ல வேண்டாம். ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கியிருக்கிறது. அழுத்தம் பட்ட வெள்ளி உப்பு, வெளிச்சம் பட்டதுபோலவே கறுக்கும். 120 ரோல் அகலமானது, மெல்லியது. அதில்தான் இது அதிகம்.

ஏன் மடங்குகிறது? சேஞ்சிங் பேக்குக்குள் கையை விட்டுப் பத்து நிமிடத்தில் உள்ளே ஆவிக்குளியல் நடக்கும். பிளாஸ்டிக் ரீலில் ஈரம் பட்டால் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். நாம் பலத்தைக் காட்டுவோம், பிறை விழும். ரீல் மேலாகக் காய்ந்திருந்தால் மட்டும் போதாது, முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். முந்தின நாளே வெயிலில் வைத்து எடுங்கள். சிக்கிக்கொண்டால் ஃபிலிமையும் ரீலையும் டேங்குக்குள் போட்டு மூடியை இறுக்குங்கள். நடுத்தண்டு உள்ளே இருக்க வேண்டும். பிறகு கையை வெளியே எடுத்துத் துடைத்து, மின்விசிறியடியில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். ராத்திரியில், ஜன்னலுக்குப் போர்வை மாட்டிய அறையில், ஏசி இருந்தால் அதைப் போட்டு ஏற்றுவது இன்னும் நல்லது.

ரீலில் இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் பிறை வராது, வேறொன்று வரும்: பெரிய, ஒழுங்கற்ற, ஒளி புகாத சாம்பல் திட்டு. அங்கே டெவலப்பரும் போகவில்லை, ஃபிக்ஸரும் போகவில்லை. திரும்ப ஃபிக்ஸ் செய்தால் திட்டு தெளிவாகும், ஆனால் படம் வராது. விரல்ரேகைகள் தெரிந்தால் அவற்றின் நிறத்தைக் கவனியுங்கள். தெளிவான ரேகை ஃபிக்ஸர் பட்ட விரலுடையது, கறுத்தது டெவலப்பர் பட்ட விரலுடையது.

பால்நிறம், இளஞ்சிவப்பு, வெள்ளிப் பளபளப்பு

இவை பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. நெகட்டிவ் பால் கலந்ததுபோல் மங்கலாக இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. புது ஃபிக்ஸரில் திரும்பப் போடுங்கள், விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். பிறகு நன்றாகக் கழுவுங்கள். டி-மேக்ஸ், டெல்டா வகை ஃபிலிம்களில் மிஞ்சும் இளஞ்சிவப்பு, ஃபிலிமுக்கு நிற உணர்வு தரச் சேர்த்த சாயம். அது ஃபிக்ஸர் களைத்துவிட்டதையும் காட்டலாம். இன்னும் சில நிமிடம் ஃபிக்ஸ் செய்து, அதிக நேரம் கழுவினால் குறையும். குறையாவிட்டாலும் படத்துக்குக் கேடில்லை. 120 ரோல் சிலவற்றில் முதலில் வடிக்கும் திரவம் பச்சை, நீலம் என்று வரும். அது பேஸின் பின்புறச் சாயம், பயப்பட ஒன்றுமில்லை.

ஃபிக்ஸரைச் சோதிக்க ரோலின் நுனித்துண்டு ஒன்று போதும். துண்டின் மேல் ஒரு சொட்டு ஃபிக்ஸர் வைத்து அரை நிமிடம் விட்டு, பிறகு முழுத் துண்டையும் ஃபிக்ஸரில் போடுங்கள். சொட்டு வைத்த இடம் சுற்றியுள்ள இடத்தோடு கலந்து மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்ய வேண்டும். டி-மேக்ஸ், டெல்டாவுக்கு மூன்று மடங்கு. புது ஃபிக்ஸருக்கு ஆன நேரத்தைப்போல் இரு மடங்கு ஆகத் தொடங்கினால் அந்த ஃபிக்ஸரின் ஆயுள் முடிந்தது. ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் சாதா ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், அம்மோனியம் தயோசல்ஃபேட் ஃபிக்ஸரைவிட மெதுவானது. ஒன்றின் நேரத்தை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

நெகட்டிவைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி போலப் பளபளத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், டெவலப்பரில் ஃபிக்ஸர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் ஒரே அளவுக்குவளையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வருவது.

டெவலப்பர் உயிரோடு இருக்கிறதா என்பதற்கும் நுனித்துண்டே சாட்சி. வெளிச்சத்தில் ஒரு துண்டை அதில் போட்டால் சில நிமிடங்களில் நன்றாகக் கறுக்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். 1891 முதல் விற்பனையில் இருக்கும் ரோடினால் காபி டிகாஷன் நிறத்துக்குப் போனாலும் வேலை செய்யும். எக்ஸ்டால் தெளிந்த தண்ணீராகவே இருந்துகொண்டு ஒருநாள் சொல்லாமல் செத்துவிடும். கரைத்த டி-76 நிரம்பிய பாட்டிலில் ஆறு மாதம், பாதிப் பாட்டிலில் இரண்டு மாதம் இருக்கும் என்பது கோடாக்கின் கணக்கு. நம் சூட்டில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். மருந்து குறையக் குறைய பாட்டிலில் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தைக் கழுத்துவரை ஏற்றி வையுங்கள்.

காயும்போது

போர்வெல் தண்ணீரில் கடைசியாகக் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் தடங்கள் நிற்கும். அவை சுண்ணாம்பு உப்பு. கடைசி அலசலை மட்டும் டிஸ்டில்டு தண்ணீரில் செய்யுங்கள். பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி வாட்டர் போதும்; பெயரைப் பார்த்து ஆசிட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் வெட்டிங் ஏஜென்ட் அளவோடு சேருங்கள், ஃபோட்டோ-ஃப்ளோ என்றால் 200-க்கு 1. அதிகம் சேர்த்தால் நுரையே கறையாகக் காயும். பேஸ் பக்கம் படிந்த தடம் மூச்சுக்காற்றின் ஈரமும் மென்துணியும் இருந்தால் போய்விடும். எமல்ஷன் பக்கம் இருந்தால் துடைக்கக் கூடாது. டிஸ்டில்டு தண்ணீரில் திரும்ப ஊறவைத்துக் காயப்போடுங்கள்.

தண்ணீர் வழிக்கும் ரப்பர் இடுக்கியை வாங்காதீர்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், ரோலின் நீளத்துக்கும் நேர்க்கோடு விழும். கேமராவின் அழுத்துதட்டும், டப்பியின் வாயிலுள்ள வெல்வெட்டும்கூட இப்படிக் கோடு போடும். வளைந்தும் நெளிந்தும் போகும் கீறல் கையால் வந்தது. காயும் அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஆனாலும் ஆகட்டும்.

வேறு சில

ஃப்ரிட்ஜில் வைத்த ரோலை எடுத்ததும் உறையைப் பிரித்தால் ஈரம் வேர்க்கும். 120 ரோலில் பின்தாளின் எண்களும் புள்ளிகளும் வானத்தில் பேய்போல் பதிவதற்கு ஈரமும் சூடும் பெரிய காரணங்கள். சில மணி நேரம் வெளியே வைத்திருந்து பிரியுங்கள். விமான நிலையங்களில் இப்போது வரும் சி.டி. ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுக்கும்; கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காலாவதியான ரோல் முழுக்கச் சாம்பல் படர்ந்து வருவது இயல்பு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல் எங்காவது பழைய ஸ்டுடியோவில் கிடைத்தால் ஆசைக்கு எடுத்துப் பாருங்கள், ஆனால் கோளாறு தேடும் சோதனைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். எது பழமை, எது தப்பு என்று பிரிக்க முடியாது.

இன்னும் பிடிபடவில்லை என்றால்

ஒரு புது ரோலை வீணாக்கத் தயாராகுங்கள். மேகமில்லாத வானத்தையோ நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவரையோ, ஃபோகஸைத் தளர்த்தி, ரோல் முழுக்க எடுங்கள். கோளாறுகள் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை. இருட்டில் ரோலைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை வழக்கம்போலவே கழுவுங்கள். மறுபாதியில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அசைப்பு, அல்லது மருந்தின் அளவு, அல்லது சூடு. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. தேதி, சூடு, நேரம், அந்த மருந்தில் இது எத்தனையாவது ரோல் என்பதையும் எழுதி வையுங்கள்.

மறுபாதியில் கறை போய்விட்டால், மாற்றிய அந்த ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். போகவில்லையென்றால் இன்னொரு ரோலில் இன்னொன்றை மாற்றிப் பாருங்கள். இரண்டு பாதியிலும் ஒரே இடத்தில், 38 மி.மீ. இடைவெளியில் கறை நின்றால் டேங்கை விட்டுவிட்டுக் கேமராவைத் திறக்கலாம். அது 1970, 80-களின் எஸ்.எல்.ஆர். என்றால், இடைவெளி ஒழுங்கில்லாமல் ஓரம் வரை பரவிய படலம் இருந்தாலும் பின்கதவின் இடுக்கைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் கறுப்பு ஃபோம் விரலில் தார்போல் பிசுபிசுத்தால் அது மக்கிவிட்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பல்குத்தும் குச்சியும் கொண்டு சுரண்டி எடுத்து, கண்ணாடிப் பக்கம் துகள் விழாமல் பார்த்துக்கொண்டு, புது ஃபோம் பட்டையோ கறுப்புக் கம்பளி நூலோ ஒட்டிவிடலாம்.